காத்தாடி ஏறுபவனிடம் என்ன கேட்பது?

ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கத் தொடங்கிவிட்டால் தென்காசிச் சீமையில் இரண்டு தொழில்கள் சூடுபிடிக்கும். ஒன்று ஊரறிந்தது. குற்றாலம் ஐந்தருவியில் தண்ணீர் விழும். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், துண்டு விற்பவர், மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூறு கட்டி வைத்திருப்பவர் என எல்லார் கையிலும் நாலு காசு புரளும். மற்றொன்று குளிக்க வருகிறவர்களின் கண்ணில் படும், கவனத்தில் நிற்காது. அதே காற்று மழையை மலையில் இறக்கிவைத்துவிட்டு வெறுங்கையோடு கிழக்கே போகும்போது சுரண்டை, வீரகேரளம்புதூர், ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றிவிடுகிறது. ஊரில் அதற்குப் பெயர் காத்தாடி. மாப்பிள்ளைக்குக் காத்தாடிக் கம்பெனியில் வேலை என்றால் பெண் கொடுக்க யோசிக்கிற வீடும் உண்டு, உடனே தட்டு மாற்றுகிற வீடும் உண்டு. சம்பளச் சீட்டில் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

அந்தப் பெயர் விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் வந்தது. மொத்தமே ஒரு மெகாவாட்டைச் சற்றுத் தாண்டியது. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டுக்கும் மேல். பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்துவிட்டு இப்போது குஜராத்துக்கு அடுத்த இடத்தில் நிற்கிறோம். இந்தக் காத்தாடிகளில் பலவற்றுக்குச் சொந்தக்காரர்கள் நூற்பாலைக்காரர்களும் பனியன் கம்பெனிக்காரர்களும். அவர்கள் கோவையிலோ திருப்பூரிலோ இருப்பார்கள். இயந்திரத்தை விற்ற பெரிய நிறுவனமே ஆண்டுக் கணக்கில் அதைப் பராமரிக்கும் ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொள்ளும். கிரீஸ் வைப்பது, போல்ட் இறுக்குவது, கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றுவது, நள்ளிரவில் நின்றுபோனால் போய் ஓடவைப்பது எல்லாம் அதன் பொறுப்பு. இந்தப் பராமரிப்புதான் இன்று தனிப்பெரும் தொழில். அதற்குள்ளேயே ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே ஆள் சப்ளை செய்பவர் என்று படிகள் உண்டு. ஆகவே இன்டர்வியூவுக்குக் கூப்பிடும்போது ஒரு பெயர், ஆபர் லெட்டரில் இன்னொரு பெயர், பி.எப். கணக்கில் மூன்றாவதாக ஒரு பெயர். தலையில் போடுகிற ஹெல்மெட்டில் மட்டும் முதல் பெயர் இருக்கும்.

ஆள் எடுப்பது பெரும்பாலும் காற்று சீசனுக்கு முன்னால். தை, மாசியில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றும்: ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன், பிட்டர், டிப்ளமோ இ.இ.இ., மெக்கானிக்கல், டூவீலர் லைசென்ஸ் அவசியம், உயரத்தில் வேலை செய்யத் தயாராக இருக்க வேண்டும், நேரில் வரவும். திருநெல்வேலியிலோ தென்காசியிலோ ஒரு ஓட்டலின் ஹால். காலை ஒன்பது மணிக்கு என்று போட்டிருந்தால் ஏழரைக்கே வாசலில் கூட்டம். ஒவ்வொருவன் கையிலும் பிளாஸ்டிக் பைல். அதற்குள் பத்தாம் வகுப்பிலிருந்து எல்லாமே ஒரிஜினல். ஜெராக்ஸ் மட்டும் போதும் என்று சொன்னாலும் ஒரிஜினலோடுதான் வருவார்கள், கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அக்காவின் கல்யாணத்துக்கு எடுத்த பேன்ட், நண்பனிடம் இரவல் வாங்கிய ஷூ. ஏ.சி. ஹாலுக்குள் நுழையும்போது ஷூவின் சத்தத்துக்கே கூச்சப்பட்டு நடப்பார்கள்.

உள்ளே முதல் கேள்வி எங்கும் ஒன்றுதான். டெல் மீ அபவுட் யுவர்செல்ப். இதற்கு ஒரு மனப்பாடப் பாட்டு உண்டு. பாலிடெக்னிக்கில் சீனியர் சொல்லித்தந்து, ஜூனியர் வாங்கி, தலைமுறையாக வருவது. பெயர், ஊர், அப்பா விவசாயம், அம்மா ஹவுஸ் வைப், என் பலம் கடின உழைப்பு, என் பலவீனம் எல்லோரையும் நம்பிவிடுவது. ஆலங்குளம், கடையம் பக்கத்துப் பையன்கள் பலரின் அம்மா பீடி சுற்றுகிறவர். மகனின் ஐ.டி.ஐ. பீஸும் அவன் அன்று ஓட்டலுக்கு வந்த பஸ் காசும் அந்த முறத்திலிருந்து வந்தவை. ஆனால் இங்கிலீஷில் அவர் ஹவுஸ் வைப் ஆகிவிடுகிறார். பீடி சுற்றுவதை எப்படிச் சொல்வது என்று சீனியர் சொல்லித்தரவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் பையன் யார் என்பதை அறியக் கேட்ட கேள்வி, பையன் யார் என்பதை நன்றாக மறைத்துவிடுகிறது.

இங்கிலீஷே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காத்தாடிக்குள் இருக்கிற கன்ட்ரோல் பேனலில் வருகிற பிழைச் செய்தி இங்கிலீஷில்தான் வரும். பராமரிப்புக் கையேடு இங்கிலீஷ். எந்த போல்ட்டை எத்தனை நியூட்டன் மீட்டர் இறுக்க வேண்டும் என்ற அட்டவணை இங்கிலீஷ். அதைத் தப்பாகப் படிப்பவன் ஆபத்தானவன். ஆனால் படித்துப் புரிந்துகொள்வது ஒரு திறமை, நான்கு பேர் முன்னால் தன்னைப் பற்றிச் சரளமாகப் பேசுவது வேறொரு திறமை. முதலாவதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது: கையேட்டின் ஒரு பக்கத்தைக் கொடுத்து, “தம்பி, இதில் என்ன சொல்லியிருக்குன்னு தமிழில் சொல்லு” என்று கேட்கலாம். ஐந்து நிமிடம் போதும். இரண்டாவதைச் சோதித்துவிட்டு முதலாவதும் இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

குற்றாலத்தில் சீசனுக்குப் பரோட்டா மாஸ்டர் எடுக்கிற கடைக்காரர் இந்தத் தவறைச் செய்ய மாட்டார். வந்தவர் எந்த ஊர், எங்கே வேலை பார்த்தார் என்று ஒரு பேச்சுக்குக் கேட்பார். அப்புறம் உருட்டிவைத்த மாவைக் காட்டி, “வீசுங்க அண்ணாச்சி” என்பார். நான்காவது உருண்டையில் முடிவு தெரிந்துவிடும். வீசுகிறவருக்கும் தெரிந்துவிடும். வேலை இல்லை என்றால் டீயைக் குடித்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார்.

காத்தாடிக் கம்பெனிகளிலும் இதற்கு ஈடான ஒன்று உண்டு. ஏறிக் காட்டுவது. எல்லாக் கம்பெனியும் வைப்பதில்லை; வைக்கிற இடங்களில் இன்டர்வியூ கழிந்து வருகிறவர்களைச் சைட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். ரத்த அழுத்தம், எடை பார்த்துவிட்டு ஹார்னஸ் மாட்டுவார்கள். தோளிலும் தொடையிலும் பட்டை இறுகும்போதே சிலருக்கு முகம் மாறும். கோபுரத்தின் உள்ளே இரும்பு ஏணி. அதன் நடுவே ஓடுகிற கம்பியில் ஹார்னஸோடு சேர்ந்த பிடிப்பான். ஏறும்போது கூடவே வழுக்கி வரும், கால் தவறினால் கடித்து நிறுத்தும். முதல் தளம் வரை எல்லோரும் வேகமாக ஏறுகிறார்கள், கீழே நிற்கிறவர்கள் பார்க்கிறார்கள் என்பதால். அதற்கு மேல் கதை வேறு. கோபுரத்துக்குள் காற்று கிடையாது. வெயிலில் காய்ந்த இரும்புக் குழாய்க்குள் கிரீஸ் வாசனையும் வியர்வையும்தான். அனுபவம் இல்லாதவன் கையால் உடம்பை இழுத்து ஏறுவான், முன்கை மரத்துப்போகும். தெரிந்தவன் காலால் தள்ளி ஏறுவான். பாதி வழியில் கெண்டைக்கால் துடிக்க ஆரம்பித்தால் அதை நிறுத்த மனத்தால் முடியாது. பழைய சிறு இயந்திரங்கள் ஐம்பது மீட்டருக்குள் அடங்கும். இப்போது வருகிற சில கோபுரங்கள் 140 மீட்டர். சிலவற்றில் உள்ளே லிப்ட் இருக்கிறது. அது வேலை செய்யாத நாளும் இருக்கிறது.

இந்தச் சோதனையில் தோற்று இறங்கிய பையன்களிடம் பேசிப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். அவர்களுக்குக் கோபம் இல்லை. “மேல போகப் போக முடியல அண்ணாச்சி, எனக்கு அது சரிப்படாது” என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஹாலில் தோற்றவர்கள் அப்படிச் சொல்வதில்லை. தன்னிடம் என்ன குறை கண்டார்கள் என்று ஆண்டு கழித்தும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் மிச்சம் இருப்பது ஒரே வாசகம்தான்: “சொல்லி அனுப்புதோம்னாங்க.”

இனி, உயரம் பற்றியே ஒரு கேள்வி. இதைப் பல இன்டர்வியூக்களில் ஏதாவது ஒரு வடிவில் கேட்கிறார்கள்: காற்று பலமாக அடிக்கிறது, மேலே பழுது, சைட் இன்சார்ஜ் ஏறச் சொல்கிறார், நீ என்ன செய்வாய்? வேலை வேண்டும் என்று வந்தவன் யோசிக்காமல் சொல்கிற பதில், “ஏறுவேன் சார்.” துணிச்சலைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று அவன் நினைக்கிறான். இந்தத் தொழிலின் விதிப்புத்தகத்தில் அது தவறான பதில். காற்றின் வேகம் நிர்ணயித்த அளவைத் தாண்டினால் ஏறக் கூடாது. தனியாக ஏறவே கூடாது, குறைந்தது இரண்டு பேர். மேலே வேலை நடக்கும்போது யாரும் கீழிருந்து இயக்கிவிடாதபடி பூட்டுப் போட்டு அட்டை தொங்கவிட வேண்டும். உலகக் காற்றாற்றல் அமைப்பு என்கிற ஜி.டபிள்யூ.ஓ. வகுத்திருக்கிற அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியில் முதலுதவி, தீ, பளு தூக்குதல், உயரத்தில் வேலை எல்லாம் இருக்கின்றன. அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் இரண்டு ஆண்டு, பிறகு மறுபடி பயிற்சி. அவ்வளவு கண்டிப்பான தொழில் இது. ஆகவே “ஏற மாட்டேன் சார், காற்று குறையட்டும்” என்கிற பையனைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

எடுக்கிறார்களா? ஆண்டு மின்சாரத்தின் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரையிலான அந்தச் சில மாதங்களில்தான் வருகிறது. காற்று அடிக்கும்போது இயந்திரம் நின்றால் அது முதலாளிக்கு நேரடி நஷ்டம். பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே இயந்திரம் இத்தனை சதவீத நேரம் ஓடத் தயாராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். அந்த அழுத்தம் மேலதிகாரியிடமிருந்து சைட் இன்சார்ஜுக்கும், அவரிடமிருந்து ஏணிக்குக் கீழே நிற்கிற இருபத்திரண்டு வயதுப் பையனுக்கும் இறங்கி வருகிறது. “ஏறுவேன் சார்” என்ற பதிலுக்கு ஹாலில் ஒரு தலையசைப்பு கிடைத்தால், பையன் அன்றே பாடம் கற்றுக்கொண்டுவிடுகிறான். பிறகு பாதுகாப்பு வாரம் கொண்டாடி பேட்ஜ் குத்திவிட்டு என்ன? ஒரு நிறுவனத்தின் உண்மையான பாதுகாப்புக் கொள்கையை அறிய வேண்டுமானால் இணையத்தில் இருக்கிற அறிக்கையைப் படிக்க வேண்டியதில்லை. இந்தக் கேள்விக்கு வந்த பதில்களில் எதற்கு மதிப்பெண் போட்டார்கள் என்று பார்த்தால் போதும்.

கடைசியில் கேட்பார்கள், “உனக்கு ஏதாவது கேட்கணுமா?” இல்லை சார் என்றுதான் பதில் வரும். கேட்க எவ்வளவோ இருக்கிறது. சம்பளம் யார் கொடுப்பார், இன்சூரன்ஸ் எவ்வளவு, ஹார்னஸ் எத்தனை ஆண்டுப் பழசு, ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரம் ஆகும். கேட்டால் வாய் ஜாஸ்தி என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம்.

அரசு மின்வாரியத்தின் அனுபவம் இந்த ஹால் இன்டர்வியூவுக்கு நேர் எதிர்த்திசையில் ஒரு பாடம். 2019-இல் கேங்மேன் பயிற்சிப் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது, முதலில் 5,000 இடங்கள். அங்கே யாரும் தன்னைப் பற்றிச் சொல்லச் சொல்லவில்லை. கம்பம் ஏறு, கிராஸ் ஆர்மை மாட்டு, பளுவைத் தூக்கிக்கொண்டு நட என்று உடல்தகுதித் தேர்வு. அப்புறம் 2020 மார்ச்சில் எழுத்துத் தேர்வு. வேலைக்கு ஏற்ற சோதனை என்று அதைத் தாராளமாகப் பாராட்டலாம். 2021-இல் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஆணை கிடைத்தது. கம்பம் ஏறித் தேறியும் ஆணை வராத ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆண்டுக்கணக்கில் மனுவும் போராட்டமுமாக அலைந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்திருந்தது, தங்களால் கம்பம் ஏற முடியும் என்று. வாரியமே அதைப் பார்த்துச் சான்று தந்தாகிவிட்டது. அதற்குப் பிறகு “இல்லை” என்பதன் காரணத்தை விளங்கிக்கொள்வது அவர்களுக்குக் கடினமாகிவிட்டது. சோதனை நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது, முடிவும் அதே வெளிச்சத்தில் வர வேண்டும் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். 2024-இல் அந்த வாரியமே உற்பத்தி, பகிர்மானம், பசுமை ஆற்றல் என்று மூன்று கழகங்களாகப் பிரிந்துவிட்டது. எந்தக் கதவைத் தட்டுவது என்பதே இப்போது ஒரு கேள்வி.

கடையநல்லூர், தென்காசி, புளியங்குடி வீடுகளுக்கு வேறொரு இன்டர்வியூவும் பழக்கம். வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு, சுத்திகரிப்பு ஆலை, மின்நிலையம். ஏஜென்ட் கூப்பிடுவார், பொதிகை எக்ஸ்பிரஸில் பதிவில்லாத பெட்டியில் நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ எழும்பூர், அங்கிருந்து கிளையன்ட் இன்டர்வியூ. வெல்டராக இருந்தால் ட்ரேட் டெஸ்ட் உண்டு, குழாயை ஒட்டிக் காட்ட வேண்டும். அது பரோட்டாக் கடை முறைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை அதற்கு வெளியே. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வோர் சட்டத்தின் கீழ் பதிவுபெற்ற ஏஜென்ட் மட்டுமே ஆள் எடுக்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் உச்சவரம்பு. மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு எண்ணைச் சரிபார்க்கலாம். தமிழக அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் பெரிய எண்ணெய் நிறுவனங்களின் முத்திரை போட்ட போலிக் கடிதங்கள் செல்போனுக்குச் செல்போன் பறக்கின்றன. இன்டர்வியூ போனிலேயே முடிந்துவிட்டது, மெடிக்கலுக்குப் பணம் கட்டுங்கள் என்று வந்தால் அது வேலை அல்ல. அதை நம்புவதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. உண்மையான நிறுவனங்கள் பதிலே போடாத ஊரில், பதில் போடுகிற திருடன் மரியாதைக்காரனாகத் தெரிகிறான்.

எண்ணெய்க் கிணற்றுச் சேவை நிறுவனங்களில் பெரியது ஷ்லும்பெர்ஜர். 2022 முதல் எஸ்.எல்.பி. என்று பெயர். கான்ராட், மார்செல் என்ற பிரெஞ்சு அண்ணன் தம்பி 1926-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு அல்சாஸ் பகுதியின் பெஷல்ப்ரான் கிணற்றுக்குள் மின்கருவியை இறக்கிப் பாறையை அளந்தார்கள்; ஒரு தொழிலே அங்கிருந்து பிறந்தது. பாலைவனத்திலும் கடல் மேடையிலும் வாரக்கணக்கில் கிடக்க வேண்டிய வேலை என்பதால், இந்தத் துறை கல்லூரிகளுக்கு வரும்போது மதிப்பெண்ணைவிட, எங்கே அனுப்பினாலும் போவாயா என்பதைத்தான் துருவுகிறது. அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. காத்தாடிக் கம்பெனியும் அதையே கேட்கலாம்: அமாவாசை இரவில் சாம்பவர்வடகரை வயல்வரப்பில் பைக் ஓட்டிப் போவாயா? இங்கே அதைக் கேட்பதில்லை, பலவீனம் என்ன என்று கேட்கிறார்கள்.

சம்பந்தமில்லாத கேள்விகளுக்கும் ஒரு பூர்வீகம் இருக்கிறது. ஆச்சரியமாக அதுவும் மின்சாரத் தொழிலில்தான். தாமஸ் எடிசன் 1921-வாக்கில் தன்னிடம் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஏறத்தாழ 150 கேள்விகள் கொண்ட தேர்வு வைத்தார். மண்ணெண்ணெய்ப் பீப்பாய் எந்த மரத்தில் செய்வது, தக்கை எந்த நாட்டிலிருந்து வருகிறது என்கிற ரகம். கல்லூரி முடித்தவர்கள் கொத்துக்கொத்தாகத் தோற்றார்கள். படித்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எடிசன் குறைப்பட்டுக்கொண்டார். கேள்விகள் பத்திரிகையில் வெளியாகிப் பெரிய கூத்தாயிற்று. அதே ஆண்டு அமெரிக்கா வந்த ஐன்ஸ்டைனிடம் அதிலிருந்து ஒலியின் வேகத்தைக் கேட்டார்கள். புத்தகத்தில் இருப்பதை நான் மண்டையில் வைத்துக்கொள்வதில்லை என்கிற பொருளில் அவர் சொல்லிவிட்டார். எடிசனின் கணக்குப்படி ஐன்ஸ்டைனுக்கு வேலை இல்லை.

விளையாட்டை விட்டுவிட்டு அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். வேலைக்கு எடுக்கும்போது வைத்த சோதனை, பிற்பாடு அந்த ஆள் எப்படி வேலை செய்தார் என்பதோடு எவ்வளவு பொருந்துகிறது என்று உளவியலாளர்கள் பல பத்தாண்டுத் தரவுகளைத் திரட்டினார்கள். ஷ்மிட், ஹன்டர் இருவரும் 1998-இல் வெளியிட்ட தொகுப்பில் வேலையையே செய்துகாட்டும் சோதனை முதல் வரிசையில் நின்றது. 2022-இல் பால் சாக்கெட் குழு கணக்கைத் திருத்திப் போட்டது. அதில் செய்துகாட்டும் சோதனை சற்று இறங்கியது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே அளவுகோலில் கேட்கும் திட்டமிட்ட நேர்காணல் 0.42 என்ற பொருத்தத்தோடு முதலிடத்துக்கு வந்தது. வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலுக்கு 0.19. முழுப் பொருத்தம் என்றால் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறிக் காட்டினாலே போதும் என்று வாதிட வந்த எனக்கு இந்த எண்கள் முழு ஆதரவு தரவில்லை, பரவாயில்லை. ஹாலும் மேசையும் குற்றவாளிகள் அல்ல என்று அவை சொல்கின்றன. ஒருவனிடம் மின்சுற்றைக் கேட்டுவிட்டு, அடுத்தவனிடம் அவன் ஊர்க்காரர் யாரையாவது தெரியுமா என்று கேட்டு, மூன்றாமவனிடம் கிரிக்கெட் பேசுவதுதான் குற்றம். மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் தன் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலையே எடுத்துவிட்டது. நம் குரூப் 4 தேர்விலும் நேர்காணல் கிடையாது. சிபாரிசுக்கும் கைமாற்றுக்கும் வாசலாக இருந்ததை அடைத்தது சரி. ஆனால் காத்தாடி ஏறுகிறவனை ஓ.எம்.ஆர். தாளில் கண்டுபிடிக்க முடியாது.

நேர்காணலுக்கு முன்னாலேயே வாசல் சாத்தப்படுவது இன்னொரு வகை. நெய்வேலி என்.எல்.சி. 2022-இல் 299 பட்டதாரி அதிகாரிப் பயிற்சி இடங்களுக்கு கேட் தேர்வு மதிப்பெண்ணை வைத்து நேர்காணல் பட்டியல் போட்டபோது, அதில் தமிழ்நாட்டுக்காரர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் என்று புகார் எழுந்தது. முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நிலம் கொடுத்த ஊர்களில் அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. தேர்வு எல்லோருக்கும் பொது என்பது நிறுவனத்தின் வாதம். எங்கள் வயலுக்கடியில் இருந்துதான் பழுப்பு நிலக்கரி என்பது ஊரின் வாதம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை. ஆனால் சுரண்டைப் பக்கத்தில் காத்தாடிக்கு நிலம் விற்றவரின் மகன் அதே காத்தாடிக்கு வாட்ச்மேனாக மட்டும் நிற்பதைப் பார்க்கும்போது மனம் ஊர்ப்பக்கம் சாய்கிறது.

பெண்கள் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி அடுத்த மாவட்டத்தில் இருக்கிறது. கங்கைகொண்டானில் டாடா பவரின் சூரிய மின்தகடு ஆலை 2025 பிப்ரவரியில் முறையாகத் திறக்கப்பட்டது; அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் இருந்தவர்கள் சீருடை போட்டுக் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். காத்தாடியில் பெண்கள் இன்னும் அபூர்வம். வேறு பல இடங்களில் இன்டர்வியூவுக்குப் போகிற பெண்களிடம் முதல் கேள்வி, “கல்யாணம் எப்போம்மா?” 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே ஆளெடுப்பில் பாகுபாடு கூடாது என்றது. அரை நூற்றாண்டு ஆகியும் கேள்வி ஓய்வு பெறவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. பழைய காத்தாடிகளை இறக்கிவிட்டுப் பெரியவற்றை நிறுத்தவும், இருப்பவற்றின் ஆயுளை நீட்டவும் தமிழக அரசு 2024-இல் ஒரு கொள்கை அறிவித்தது. காற்றாலை உரிமையாளர்களுக்கு அதன் நிபந்தனைகள் பிடிக்கவில்லை, நீதிமன்றம் வரை போனார்கள். எப்படி முடிந்தாலும், கணவாய்க் காற்று நன்றாக அடிக்கிற இடங்களில் சின்ன இயந்திரங்கள் நின்றுகொண்டிருப்பது நீடிக்காது. உயரமான கோபுரம் வரும், புது வகைக் கருவிகள் வரும், ஆட்கள் வேண்டும். நான் முதல்வன் திட்டத்தில் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். சென்னையில் இருக்கிற தேசியக் காற்றாற்றல் நிறுவனத்துக்குக் கயத்தாறில் சோதனை நிலையமே இருக்கிறது, இங்கிருந்து கூப்பிடு தூரம். ஏறிப் பழக ஒரு கோபுரமும், ஜி.டபிள்யூ.ஓ. பயிற்சிக்கு அரசுக் கட்டணமும் அங்கே கிடைத்தால் தென்காசிப் பையன் பல ஆயிரம் ரூபாய் கடன் வாங்கித் தூரதேசம் போய் சான்றிதழ் எடுக்க வேண்டியிருக்காது. பயிற்சியில் ஏற முடியாது என்று தெரிந்துகொள்கிறவன் பேனல் வேலைக்கோ சப் ஸ்டேஷன் வேலைக்கோ திரும்பிக்கொள்வான், இரண்டு வருடம் வீணாகாது.

பதில் சொல்வதற்கு வருகிறேன். ஹாலுக்கு வந்த ஒவ்வொருவனிடமும் செல்போன் எண் வாங்குகிறார்கள். படிவத்தின் மேலேயே எழுதச் சொல்கிறார்கள். தேர்வாகவில்லை என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பக் கம்பெனிக்குச் சில பைசா. அனுப்பாததற்கு நான் கேள்விப்பட்ட காரணம், பட்டியலில் இருந்து யாராவது வராமல் போனால் அடுத்தவனைக் கூப்பிட வேண்டியிருக்கும், கதவைச் சாத்திவிடக் கூடாதாம். அதாவது நூறு பேரைக் காத்திருக்க வைப்பது ஐந்து பேரின் வசதிக்காக. அந்த நூறு பேரில் ஒருவன் பக்கத்துப் பவர்லூம் வேலையை ஏற்காமல் ஆடி முடியும் வரை போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான். காத்திருப்புப் பட்டியல் என்றால் அதையே சொல்லலாமே. ரயிலில்கூட எத்தனையாவது இடம் என்று சொல்லித்தான் காத்திருக்க வைக்கிறார்கள்.

இதற்குச் சட்டம் வரும் வரை பொறுக்க வேண்டியதில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்கள் தனியார் நிறுவனங்களை அழைத்து வேலைவாய்ப்பு முகாம்கள் நடத்துகின்றன. மேசை, நாற்காலி, மின்விசிறி, விளம்பரம் எல்லாம் அரசுச் செலவு. மேசை கேட்கிற நிறுவனத்திடம் இரண்டு நிபந்தனை வைக்கலாம். வேலை எந்தப் பெயரில், யார் சம்பளம் தருவது என்பதை மேசை மேலேயே எழுதி ஒட்டு. வந்தவர் அத்தனை பேருக்கும் பதினைந்து நாளில் உண்டு, இல்லை, காத்திரு என்று மூன்றில் ஒன்றைச் சொல்லி, அந்தப் பட்டியலின் நகலை மையத்தில் கொடு. கொடுக்காத நிறுவனத்துக்கு அடுத்த முகாமில் மேசை இல்லை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகி ஆண்டுகள் ஓடிவிட்டன, இதற்கு ஆட்சியரின் ஒரு சுற்றறிக்கை போதும். தை முகாமுக்கு முன்னால் அனுப்பிவிட்டால் இந்தச் சீசனுக்கே ஆகும்.